ஆறு ஏக்கர் ஜன்னல்

ஒரு மூச்சின் விலை ஏக்கருக்கு இருபத்து மூன்று லட்சம். மொத்தம் ஆறு ஏக்கர். பேரம் உண்டு, ஆனால் மேல்நோக்கி மட்டும்.

இந்த விலையைக் கேட்டதும் அரைமுழம் நாற்காலியைவிட்டு எழுந்தார்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; மறுபடி உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வருஷம் துணிக்கடை நடத்தியவர். விலையைக் கேட்டு எழுந்து போகிறவர்களையும், எழுந்து போவதுபோல் பாவனை காட்டி வாசல்வரை போய்த் திரும்புகிறவர்களையும் ஆயிரக்கணக்கில் பார்த்தவர். தானே எழுந்து தானே உட்கார்ந்தது அவருக்கே புதுசாக இருந்தது.

"இருபத்து மூணா? சரியா கேட்டியா?"

"காது என்னோடதுதான். பல்லுதான் கடன் வாங்கினது" என்றார் எதிரில் இருந்த பல்செட்டு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அரைமுழத்துக்காக, தனக்கே நிலம் வேண்டும் என்பதுபோல் போய் விலை கேட்டுவருவது இந்த ஒரு மாதமாக அவருக்கு வேலை. "நேத்து இருபதுன்னு உங்க சீட்டக் குடுத்துட்டு வந்தேன். இன்னிக்குக் காலையில அந்தக் குடைக்காரன் வந்து ஒரே தாவா மூணு லட்சம் ஏத்திட்டுப் போயிட்டானாம்."

"மழையுமில்ல வெயிலுமில்ல, அவனுக்கு எதுக்குய்யா குடை?"

"அதக் கேட்டுட்டு வரச்சொல்லி நீங்க எழுதிக் குடுக்கலையே."

அரைமுழம் என்பது அவருடைய பெயரில்லை, கடைத்தெரு வைத்தது. விலையில் ஒரு காசு இறங்கமாட்டார். ஆனால் கத்தரியை வைக்கிற நேரத்தில், "போங்க, உங்க முகத்துக்காக" என்று அரை முழம் தள்ளி வெட்டுவார். வாங்கினவர் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு போவார். அந்த அரை முழம் முதலிலேயே விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்கும் கல்லாவுக்கும் மட்டும் தெரியும்.

அப்படிப்பட்டவர் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைப் பேரம் பேசாமல் வாங்கினார். இந்த வீடு. ஊருக்கு வெளியே, நாலு அறை, ஒரு கிணறு, சுற்றிலும் முக்கால் ஏக்கர். காரணம், அவர் மனைவியின் நெஞ்சுக்கூடு.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பத்து மூன்று வருஷம் அந்த அம்மாள் படுத்தெழுந்தது கடைக்கு மேலே, துணி மூட்டைகளுக்கு நடுவில். பஞ்சுத்தூசி மூக்கு வழியாக உள்ளே போய் வாடகை தராமல் குடியேறிவிட்டது. கடைசியில் படி ஏறினால் இழுப்பு, சிரித்தால் இழுப்பு, கோபப்பட்டால்கூட முழுசாகத் திட்ட முடியாமல் பாதியில் இழுப்பு. "மருந்து பாதி, காத்து பாதி. மருந்து என்கிட்ட இருக்கு, காத்துக்கு வேற இடம் பாருங்க" என்றார் மருத்துவர். அரைமுழம் கடையைத் தம்பிக்கு விற்றுவிட்டு இங்கே வந்தார். மூன்று வருஷத்தில், ஒரு நாளைக்கு ஆறு தடவை உறிஞ்சிய மருந்து வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்தது. திட்டும் இப்போது முழுசாக வருகிறது. அரைமுழம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பதுபோல் கேட்பார்.

காற்று வருகிற திசையில் இருந்தது பக்கத்து நிலம். ஆறு ஏக்கரும் பூசணிக்காரம்மாவுடையது. பூசணி, வெள்ளரி, கொஞ்சம் தக்காளி என்று தனியாளாகப் பயிர் செய்கிறவர். வயது அறுபத்தாறு, முழங்காலுக்கு மட்டும் தொண்ணூறு. ஆழ்குழாய்க் கிணற்றுக்கு வாங்கிய வங்கிக் கடன் வேறு. இரண்டு மாதத்துக்கு முன் வேலியோரம் வந்து நின்று சொன்னார்:

"முதலாளி, நிலத்தக் குடுத்திரலாம்னு பாக்கறேன். மனைக்கம்பெனிக்காரன் வந்து கேட்டுட்டுப் போறான்."

அரைமுழம் மனசுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டார். மனை என்றால் ரோடு. ரோடு என்றால் லாரி. லாரிக்குப் பின்னால் சிமெண்டு. எல்லாம் காற்றோடு நேராக அவர் வீட்டு ஜன்னலுக்கு. ஆனால் அவருடைய அப்பா சொல்லிவைத்த வியாபாரப் பாடம் ஒன்று உண்டு: 'வேணுங்கற பொருளப் பாத்தா கொட்டாவி விடு. ஆசை முகத்துல தெரிஞ்சா விலை தலையில ஏறும்.' ஆகவே அரைமுழம் வாயைப் பிளந்து ஒரு நீளமான கொட்டாவி விட்டார். "அப்படியா? நல்ல விலை வந்தா குடுத்துடுங்க" என்றார். பூசணிக்காரம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்கப்புறம்தான் பல்செட்டு. அப்பாவின் இரண்டாவது பாடம்: 'வேணுங்கறத நீயே போய்க் கேக்காத, ஆள் அனுப்பு.' மூன்றாவது: 'விலைய வாயால சொல்லாத, எழுதிக் குடு. வாய் நடுங்கும், எழுத்து நடுங்காது.' மூன்று பாடத்தையும் அரைமுழம் கடைப்பிடித்தார். பதினாறு என்று சீட்டு எழுதி அனுப்பினார். மறுநாளே குடையோடு ஒரு ஆள் முளைத்துப் பதினேழு என்றான். கம்பெனியின் தரகன்தான், சந்தேகமில்லை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அரைமுழத்தின் கையிருப்பு, கடை விற்ற காசு, மனைவிக்குத் தெரியாமல் வைத்திருந்தது, மனைவிக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் சேர்த்து நூற்றிருபது லட்சம். ஏக்கருக்கு இருபது. அதற்குமேல் ஒரு நூல்கூடக் கிடையாது.

இப்போது இருபத்து மூன்று.

பல்செட்டு போனபிறகு அரைமுழம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். மனைவி கிணற்றடியில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நிற்காமல், நெஞ்சில் கை வைக்காமல், கிணற்றிலிருந்து செடிவரை பதினாறு தப்படி. அரைமுழம் தினமும் எண்ணுவார். மூன்று வருஷத்துக்கு முன் நாலாவது தப்படியில் நின்றுவிடுவார். இந்தப் பதினாறு தப்படியையும் இருபத்து மூன்றால் பெருக்கி ஆறால் பெருக்கினால் என்ன வரும் என்று அவருக்கு மனக்கணக்காகத் தெரியும். கட்ட முடியாது என்பதும் தெரியும்.

அன்று காலை பதினொரு மணிக்குப் பூசணிக்காரம்மாவே வந்தார். கையில் ஒரு பூசணி, இடுப்பில் ஒரு துணிப்பை. சமையலறை மேஜையில் பூசணியை வைத்தார். பையிலிருந்து இரண்டு சீட்டை எடுத்தார்.

"முதலாளி, நீங்க வியாபாரம் தெரிஞ்சவரு. ரெண்டு பேரு என் நிலத்துக்குப் போட்டி போடறாங்க. இந்தச் சீட்டக் கொஞ்சம் பாருங்களேன்."

அரைமுழம் கொட்டாவி விட்டார்.

"அடடா, ராத்திரி தூக்கமில்லையோ?" என்று விசாரித்தபடி அந்த அம்மாள் சீட்டுகளை மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று இருபது. அரைமுழம் தன் கையெழுத்தை அடையாளம் தெரியாதவர்போலப் பார்த்தார். மற்றது இருபத்து மூன்று.

"நான் படிக்காதவ, முதலாளி. எண்ணு தெரியும், எழுத்துத் தெரியாது. ஆனா படம் பாக்கத் தெரியும். இந்தச் சீட்டோட கீழ் ஓரத்துல பாருங்க, குட்டியா ஒரு கத்தரி, ஒரு பெட்டி. அந்தச் சீட்டுல அதே ஓரத்துல, அதே மாதிரி கத்தரி, பக்கத்துல ஒரு கை. ஒரு மாசமா வந்த சீட்டு எல்லாத்துலயும் இப்படிப் படம். ரெண்டு வேற வேற ஆளு, எப்படி ஒரே மாதிரி படம் போடறாங்க?"

அரைமுழத்தின் இரண்டாவது கொட்டாவி பாதியில் நின்றது. வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது.

துணிக்கடைக்காரர்களுக்கு இது புரியும்; மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடையிலும் துணியில் தொங்குகிற விலைச்சீட்டில் இரண்டு விலை இருக்கும். நடுவில் பெரிசாக இருப்பது சொல்கிற விலை. ஓரத்தில் யாருக்கும் புரியாத குறியில் இருப்பது தாங்குகிற விலை. அதற்குக் கீழே போனால் நஷ்டம். அரைமுழத்தின் அப்பா தன் கடைக்கென்று பத்துக் குறிகள் உண்டாக்கிவைத்திருந்தார். ஊசி என்றால் ஒன்று. இரண்டு அலகு கத்தரி இரண்டு. தையல்காரரின் முக்கோணச் சுண்ணக்கட்டி மூன்று. நாலு ஓட்டைப் பொத்தான் நாலு. விரித்த கை ஐந்து. இப்படி ஒன்பதுவரை. காலிப் பெட்டி பூஜ்யம். நாற்பது வருஷம் சீட்டு எழுதிய கை, நடுவில் விலையை எழுதினால் ஓரத்தில் குறியைத் தானாகப் போட்டுவிடும். கொட்டாவியைக் கட்டுப்படுத்தலாம், அந்தக் கையைக் கட்டுப்படுத்த முடியாது.

அந்தக் குறி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர் என்று அரைமுழம் நம்பியிருந்தார். தான் ஒருவர். இன்னொருவன்...

"இருபது" என்றது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். மனைவி ஈரக் கையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது உங்களோடது. இது இருபத்தஞ்சு வரைக்கும் தாங்கும்னு. தம்பி எழுத்து. அவன் கை போட்டா எப்பவும் கட்டைவிரல் பெருசா இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும் இந்தக் குறி?"

"முப்பத்து மூணு வருஷம் அந்தச் சீட்டுகளுக்கு நடுவுல படுத்திருக்கேன். தூக்கம் வராதப்ப வேற என்ன படிக்கிறது?"

பிறகு அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். அண்ணன் ஒரு ஆளை அனுப்ப, தம்பி ஒரு ஆளை அனுப்ப, இரண்டு பேரும் எதிராளியைக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு தங்கள் தலையிலேயே விலையை ஏற்றிக்கொண்ட அழகை ஒவ்வொரு படியாகப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு படிக்கும் சிரித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஒரு முழு நிமிஷம். அரைமுழம் பழக்கதோஷத்தில் மருந்துக் குழலைத் தேடி அலமாரியைத் திறந்துவிட்டார். இழுப்பு வரவில்லை. குழலைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்கும் கண்ணில் நீர் வந்தது. அது சிரிப்பால் வந்ததில்லை.

"கம்பெனிக்காரன் எப்பவோ போயிட்டான், முதலாளி" என்றார் பூசணிக்காரம்மா. "அவன் கடைசியாச் சொன்னது பதினஞ்சரை. அதுக்கு மேல முடியாதுன்னு வேற பக்கம் இடம் பாத்துக்கிட்டான். அப்புறம் பாத்தா பல்லுக்காரரும் குடைக்காரரும் மாறி மாறி வராங்க. மனை போடறவன் எத்தன வீடு நிக்கும்னு கேப்பான். இவங்க ரெண்டு பேரும், 'இங்க யாராச்சும் வீடு கட்டுனா அந்தப் பக்கம் தூசி போகுமா'ன்னு கேட்டாங்க. தூசியப் பத்தி எவன் கேப்பான்?"

"தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுது நீங்க விக்கறது?"

"நான்தான் சொன்னேன். தலகாணி உறைக்குத் துணி எடுக்கப் போனப்ப. உங்ககிட்ட வந்து சொன்னேன், கொட்டாவி விட்டீங்க. சரி, அண்ணனுக்கு வேணாம்போல, தம்பி காதுலயாச்சும் போடுவோம்னு பாத்தா, சின்ன முதலாளி உங்களவிடப் பெரிய கொட்டாவியா விட்டாரு. உங்க குடும்பத்துல யாருக்கும் தூக்கமே கிடையாதா?"

தம்பியோடு அரைமுழம் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடையைக் கைமாற்றியபோது இருப்பில் இருந்த முப்பத்திரண்டாயிரம் மீட்டர் துணியையும் அண்ணன் தன் பழைய பித்தளை மீட்டர்கோலால் அளந்து கொடுத்தார். ஒன்பதாம் நாள், வாடிக்கையாளர் நாலு பேர் நிற்கும்போது தம்பி சொல்லிவிட்டான்: "அண்ணே, உங்க கோல் அரை அங்குலம் குட்டை." அரை முழம் கூட வெட்டிக் கொடுக்கிற மனுஷனை அரை அங்குலத் திருடன் என்றால் எப்படி இருக்கும்? அரைமுழம் கோலை மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்தவர்தான்.

அன்று அந்த இரண்டு சீட்டோடும் மத்தியான பஸ்ஸில் ஏறினார். ஒன்றரை மணிக்குக் கடைப்படியில் நின்றார்.

கடை அப்படியே இருந்தது. இடதுபக்கம் திரைத்துணி, வலதுபக்கம் சட்டைத்துணி, நடுவில் நீள மேஜை, மேஜையின் விளிம்பு மட்டும் கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று. கல்லாவில் தம்பி தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது, தலையில் பாதி நரை. அரைமுழம் ஒரு நீலத் துணியை இழுத்தார்.

"இது என்ன விலை?"

தம்பியின் பேனா நின்றது. தலை நிமிரவில்லை. "சீட்டுல இருக்கு. இருநூத்தி எண்பது."

"ஓரத்துல கத்தரி, ஊசி, காலிப் பெட்டி இருக்கே. இருநூத்திப் பத்துக்குக் குடு."

"ஓரத்தப் படிக்கிறவங்களுக்கு இந்தக் கடையில துணி விக்கிறதில்ல."

"அப்ப நிலம் வாங்குவியா?" என்று அரைமுழம் இரண்டு சீட்டையும் கல்லாமேல் வைத்தார்.

தம்பி முதலில் தன் சீட்டைப் பார்த்தான். பிறகு மற்றதை. கத்தரி, காலிப் பெட்டி. அவன் உதடு அசைந்து இருபது என்று படித்தது. மெதுவாகத் திரும்பிப் பின்னாலிருந்த துணிக் கட்டின்மேல் உட்கார்ந்தான்.

"அந்தப் பல்லுக்காரன்..."

"என் ஆளு."

"கம்பெனித் தரகன்னு நெனச்சேன்!"

"உன் குடைக்காரன நானும் அப்படித்தான்டா நெனச்சேன். ஒரேயடியா மூணு லட்சம் ஏத்தினியே, பாவி!"

"கம்பெனிக்காரன் மிரண்டு ஓடட்டும்னுதான்..."

"மிரண்டான். நல்லா மிரண்டான். காலையில நாற்காலிய விட்டு எழுந்தே நின்னுட்டான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்; ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அப்பாவின் பிள்ளைகள், அதிலும் சிக்கனம்.

"இருபத்தஞ்சுக்கு ஏதுடா உனக்குப் பணம்? நூத்தம்பது லட்சம்!"

"கடைய அடமானம் வெக்கலாம்னு வங்கியில பேசிட்டேன்."

"கடையையா? எதுக்குடா?"

தம்பி எழுந்து மேலே கையைக் காட்டினான். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் ஜன்னல் உண்டு. மற்றதில் மூட்டை உண்டு. "அண்ணி வந்த வருஷம் எனக்கு ஒம்பது வயசு. பள்ளிக்கூடத்துல படிக்கிற புள்ளைக்கு வெளிச்சம் வேணும்னு ஜன்னல் இருக்கற ரூம என்கிட்டக் குடுத்துட்டு நீங்க ரெண்டு பேரும் மூட்டைக்கு நடுவுல போனீங்க. எனக்கு அப்ப தெரியல. அண்ணி இரும ஆரம்பிச்சப்ப தெரிஞ்சுது. அவங்க நெஞ்சுல இருக்கறது பஞ்சு இல்லண்ணே, என்னோட ஜன்னல். அத எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியாம இருந்தேன். ஆறு ஏக்கர்ல ஒரு ஜன்னல் விலைக்கு வருதுன்னு அந்தம்மா சொன்னாங்க. விட முடியுமா?"

அரைமுழம் நீலத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கொட்டாவி விடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். அவருக்குத் தெரிந்த மறைப்பு அது ஒன்றுதான். பிறகு கேட்டார்:

"அந்தக் கோல் எங்கடா?"

மேஜை இழுப்பறையிலிருந்து தம்பி எடுத்தான். மூன்று வருஷமாக எறியாமல், உபயோகிக்காமல் வைத்திருந்தான். அரைமுழம் அதைச் சுவரோரம் வைத்து, புதிய எஃகு டேப்பைத் தானே இழுத்துப் பிடித்தார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. கோலின் நுனி வழவழவென்று இருந்தது. நாற்பது வருஷம் ஒவ்வொரு மீட்டருக்கும் மேஜையில் தட்டித் தட்டி அளந்ததில் பித்தளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருந்தது.

"அரை அங்குலம்" என்றார் அரைமுழம். "குட்டைதான்."

"தேய்மானம்ணே. நீங்க வேணும்னு..."

"வேணும்னு செஞ்சா என்ன, தேஞ்சா என்ன, துணி குறைஞ்சது குறைஞ்சதுதான். முப்பத்திரண்டாயிரம் மீட்டருக்கு எவ்வளவு வருது?"

தம்பி தயங்காமல் சொன்னான்: "நானூத்தாறு மீட்டர்."

"கணக்குப் போட்டே வெச்சிருக்க!"

"உங்க தம்பிதானே?"

மறுநாள் காலை பூசணிக்காரம்மாவின் வீட்டு முற்றத்தில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பல்லும் இல்லை, குடையும் இல்லை. அரைமுழம் வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்கு வேண்டியதைத் தானே நேரில் கேட்டார்: "எங்களுக்கு இந்த நிலம் வேணும். ரொம்ப வேணும். விலைய நீங்க சொல்லுங்க."

"பதினஞ்சரை."

"அது எப்படி? இருபத்து மூணு வரைக்கும் எழுதிக் குடுத்துட்டோமே. எழுதினா எழுதினதுதான்."

"கம்பெனிக்காரன் சொன்ன வெல அதுதான். அதுக்கு மேல ஏறினது உங்க வீட்டுச் சண்டை. அந்தக் காசு எனக்குச் செரிக்காது. சண்டைக்கு ஏக்கருக்கு ஏழரை லட்சம்னு வாங்கினேன்னா நாளைக்கு ஊருல எல்லாரும் என்னை வட்டிக்காரிம்பாங்க."

"இருபது."

"பதினஞ்சரைன்னு சொல்றேன்ல?"

"பத்தொம்பது. உங்க முகத்துக்காக ஒண்ணு எறங்கறேன்."

"என் முகத்துக்கு என்ன கொறச்சல்? பதினாறு. அதுக்கு மேல ஒரு பைசா ஏற மாட்டேன்."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். வாங்குகிறவர் ஏற்றுகிறார், விற்கிறவர் இறக்குகிறார். இந்தப் பேரத்துக்கு எந்தக் கடையிலும் பாடம் கிடையாது. அரைமுழம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அப்ப வியாபாரம் படியாதுங்க" என்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, படல்வரை விறுவிறுவென்று நடந்தார். படலில் கை வைத்து, நின்று, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. பூசணிக்காரம்மா வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அரைமுழம் கூப்பிடாமலே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, எதுக்கு இவ்வளவு கொறைக்கறீங்க? உங்களுக்குக் கடன் இருக்கு, முழங்கால் இருக்கு" என்றார் அரைமுழத்தின் மனைவி.

"தங்கச்சி, போன கோடைக்கு முந்தின கோடை, என் குழாயில தண்ணி நின்னுபோச்சு. நீதான் வேலிக்கு மேல உங்க கிணத்துக் குழாயத் தூக்கிப் போட்ட. நாப்பத்து மூணு நாள். நான் தெனம் கதவுல கரிக்கோடு போட்டு எண்ணினேன். ஒரு நாள்கூட நீ எவ்வளவு ஆச்சுன்னு கேக்கல. அந்தப் பூசணி பொழச்சது அதுலதான். அத நான் வெலையில கழிக்க வேணாமா?"

"கழிக்க வேணாம். பூசணியாவே குடுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு. விலை பதினேழு, அவ்வளவுதான். டீ ஆறுது."

பேரம் அதோடு முடிந்தது. அரைமுழம் தன் மனைவியைப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன் இவ்வளவு நீளமாக ஒரே மூச்சில் பேசியிருந்தால் நடுவில் இரண்டு தடவை நின்றிருப்பார்.

பத்திரம் அண்ணி பெயருக்கு என்று தம்பி சொன்னான், எதிர்ப்பில்லை. பூசணிக்காரம்மா தன் வீட்டிலேயே இருக்கலாம், முழங்கால் ஒத்துழைக்கிறவரை பயிர் செய்யலாம், விளைவது அவருக்கே. ஒரே நிபந்தனை, செங்கல் வரக்கூடாது. தன்னிடமே முழுப் பணமும் இருக்கிறது என்று அரைமுழம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "ஜன்னலுக்கு ரெண்டு கதவுண்ணே, பாதி என்னோடது" என்று தம்பி காதில் வாங்கவில்லை.

பதிவு முடிந்த அன்று மத்தியானம் நாலு பேரும் அரைமுழத்தின் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. ஆறு ஏக்கரைத் தாண்டி வந்த காற்று மேஜைமேலிருந்த தாளைத் தூக்கப் பார்த்ததால், அதன்மேல் ஒரு சின்னப் பூசணியை வைத்துத் தம்பி கணக்கு எழுதினான். நானூற்றாறு மீட்டர் வந்தபோது, "இந்தத் துணிய நான் உன் கடையில விலைக்கு வாங்கித்தான்டா உனக்கே குடுக்கணும்" என்றார் அரைமுழம். "வாங்க, ஓரத்து விலைக்கே தரேன்" என்றான் தம்பி. கடைசி வரியில், ஜன்னலுக்கு நேராக, அவன் 'பாக்கி' என்று எழுதிப் பேனாவை வைத்ததும், அண்ணி அதை எடுத்து, அந்தச் சொல்லை அடித்து, பக்கத்தில் சின்னதாக ஒரு ஊசி வரைந்தார். வரவு, ஒன்று. தம்பி அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் கொட்டாவி விட்டான். யாரும் நம்பவில்லை.

நிலம், ஆறு ஏக்கர், பதினேழு வீதம் நூற்றிரண்டு லட்சம்: அண்ணன் ஐம்பத்தொன்று, தம்பி ஐம்பத்தொன்று. நேர்.

தரகு, பல்லுக்கும் குடைக்கும்: ஆளுக்கு ஒரு சட்டைத்துணி, எஃகு டேப்பில் அளந்தது. நேர்.

கிணற்றுத் தண்ணீர், நாற்பத்து மூன்று நாள்: பூசணி நாற்பத்து மூன்று. வந்தது ஒன்று, தாள்மேல் இருக்கிறது. பாக்கி நாற்பத்திரண்டு.

கோல் தேய்மானம், அண்ணன் தம்பிக்கு: துணி நானூற்றாறு மீட்டர். வந்தது இல்லை. பாக்கி முழுசும்.

ஜன்னல் ஒன்று, தம்பி அண்ணிக்கு: வந்தது ஒன்று. நேர்.